கட்ட மாட்டோம்! – அத்தியாயம் 6: பாஸ்டன் ரேடியோவில் ஒரு குரல்

1971 ஏப்ரல் 27 காலை. ஃபோர்டு கம்பெனியின் தலைவர் இரண்டாம் ஹென்றி ஃபோர்டும், அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்த லீ அயகோக்காவும் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

எதிரே அதிபர் ரிச்சர்ட் நிக்சன், பக்கத்தில் அவருடைய ஆலோசகர் ஜான் எர்லிக்மன். வந்த இருவருக்கும் தெரியாத ஒன்று அந்த அறையில் இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அங்கே ரகசிய ஒலிப்பதிவுக் கருவி பொருத்தியிருந்தார்கள். டேப் ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சு அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டியது. காரின் விலை ஏறுகிறது, ஜப்பான் கார்கள் சந்தையைப் பிடிக்கின்றன, இந்த நேரம் பார்த்து அரசாங்கம் பாதுகாப்பு விதிகளை அடுக்கிக்கொண்டே போகிறது என்று வந்தவர்கள் முறையிட்டார்கள். பாதுகாப்பு, சுற்றுச்சூழல் என்று பேசுகிறவர்களுக்கு உண்மையான நோக்கம் வேறு, இந்தத் தொழில் அமைப்பையே உடைக்கப் பார்க்கிறார்கள் என்கிற தொனியில் நிக்சன் பேசினார். விருந்தாளிகளுக்கு அதைவிட இனிப்பான செய்தி வேறு இருந்திருக்க முடியாது.

அப்போது டெட்ராய்ட்டை மிகவும் உறுத்திய விதி ஏர்பேக். மோதிய கணத்தில் தானாக விரிந்து ஆளைத் தாங்கும் அந்தப் பையை 1973 முதல் புது கார்களில் கொண்டுவர வேண்டும் என்று போக்குவரத்துத் துறை உறுதியாக நின்றது. துறையின் அமைச்சர் ஜான் வோல்ப்பி அதில் நம்பிக்கை வைத்திருந்தார். அவர் மாஸசூசெட்ஸ் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். மாநிலத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த அத்தியாயம் அங்கேதான் போய் முடியப் போகிறது. அமைச்சரின் நம்பிக்கை எடுபடவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஏர்பேக் தள்ளிப்போடப்பட்டது. இடைக்காலத்துக்கு ஒரு மாற்றைச் சொன்னார்கள். சீட் பெல்ட் போட்டால்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் என்று ஒரு பூட்டு. அதன் பெயர் இன்டர்லாக்.

மலிவானது, ஏற்கெனவே காரில் இருக்கும் பெல்ட்டையே பயன்படுத்துவது, ஏர்பேக் தொல்லை இல்லாதது. கம்பெனிகள் நிம்மதியாக மூச்சு விட்டன. காரை ஓட்டப்போகிறவர்களை மட்டும் யாரும் கேட்கவில்லை.

*

1973 ஆகஸ்ட் நடுவிலிருந்து தயாரான 1974 மாடல் கார்கள் ஷோரூமுக்கு வந்தன. முன் சீட்டின் மெத்தைக்கு அடியில் எடையை உணரும் ஒரு சுவிட்ச். ஆள் உட்கார்ந்தால் அது அமுங்கும். பிறகு பெல்ட்டை மாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்பலாம். இந்த வரிசை மாறக் கூடாது. பெல்ட்டை முன்கூட்டியே பக்கிளில் செருகிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தால் கார் ஒப்புக்கொள்ளாது.

கடைக்குப் போய்த் திரும்பிய ஒருவர் காய்கறி, பால் நிறைந்த பையைப் பக்கத்து சீட்டில் வைக்கிறார். சுவிட்ச் அமுங்குகிறது. அங்கே ஆள் இருப்பதாகக் கார் நினைத்துக்கொள்கிறது. சாவியைத் திருப்பினால் விளக்கு எரிகிறது, பஸ்ஸர் கத்துகிறது, இன்ஜின் அசையவில்லை. பைக்குப் பெல்ட் போட்டால்தான் வீட்டுக்குப் போக முடியும். நாய் ஏறி உட்கார்ந்தாலும் இதே கதை. எங்காவது ஒரு வயர் கோளாறு என்றால் ஒழுங்காகப் பெல்ட் போட்டவருக்கும் கார் நகராது. அப்படிப்பட்ட அவசரத்துக்கென்று பானட்டுக்கு அடியில் ஒரு பட்டன் வைத்திருந்தார்கள். கொட்டுகிற மழையில் இறங்கி, பானட்டைத் தூக்கி, அந்தப் பட்டனைத் தேடி அழுத்தினால் ஒரே ஒரு முறை ஸ்டார்ட் ஆகும்.

மக்கள் கொதித்தார்கள். மெக்கானிக்கிடம் போய் வயரைத் துண்டிக்கச் சொன்னார்கள். தெரிந்தவர்கள் தாங்களே துண்டித்தார்கள். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களில் கடிதங்கள் குவிந்தன. சீட் பெல்ட் நல்லதா கெட்டதா என்கிற பேச்சே அந்தக் கடிதங்களில் பின்னுக்குப் போய்விட்டது. என் காசில் நான் வாங்கிய கார் எனக்கு உத்தரவு போடுகிறது, உத்தரவு போடச் சொன்னது வாஷிங்டன் என்பதுதான் ஆத்திரத்தின் மையம்.

நிக்சன் பதவி விலகிய 1974 ஆகஸ்ட் மாதத்திலேயே மக்களவையில் இன்டர்லாக்குக்கு எதிரான திருத்தம் பெரும் ஆதரவோடு நிறைவேறியது. முன்நின்றவர் நியூ ஹாம்ப்ஷயர் உறுப்பினர் லூயிஸ் வைமன். செனட்டும் இணங்கியது. அக்டோபர் 27 அன்று புதிய அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்டார். இன்டர்லாக்கைக் கட்டாயப்படுத்தத் தடை. பஸ்ஸருக்கும் ஓர் எல்லை: 8 விநாடிக்கு மேல் அது ஒலிக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லக் கூடாது. ஓர் உயிர் காக்கும் எச்சரிக்கை இத்தனை விநாடியோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று நாட்டின் நாடாளுமன்றமே சட்டம் எழுதியது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த ஒரு வருடம் விட்டுச்சென்ற கசப்பு பெரியது. மக்களைப் பெல்ட் போட வைக்கும் எந்த முயற்சியையும் தொட அரசியல்வாதிகள் பயந்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970 டிசம்பரில் சட்டம் போட்டதையும், அதற்கு ஒரு நாளிதழ் முன்நின்று பிரசாரம் செய்ததையும் முன்பே பார்த்தோம். நாடு நாடாக அந்தச் சட்டம் பரவிக்கொண்டிருந்தபோது அமெரிக்காவின் 50 மாநிலங்களில் ஒன்றுகூட அசையவில்லை. 1968 முதல் ஒவ்வொரு புது காரிலும் பெல்ட் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில்கூட அதைப் போட்டவர்கள் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். ஆண்டுதோறும் 40,000 பேருக்கு மேல் சாலையில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து ஆண்டுகள் இப்படியே போயின. பிறகு ஒரே வாரத்தில் எல்லாம் மாறியது. மாற்றியவர், தான் எதைத் திறந்துவிடுகிறோம் என்பதை முழுக்க அறிந்திருந்தாரா?

*

நீதிமன்றத்திலிருந்து ஆரம்பிப்போம். ஏர்பேக் அல்லது தானியங்கி பெல்ட் என்று 1977-ல் மறுபடி வந்த விதியை, ரீகன் அரசு 1981 அக்டோபரில் ரத்து செய்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. 1983 ஜூனில் உச்ச நீதிமன்றம், ரத்து செய்ததற்குச் சொன்ன காரணம் போதாது, போய் மறுபடி யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. பந்து வந்து விழுந்தது புதிய போக்குவரத்து அமைச்சர் எலிசபெத் டோலின் மேஜையில்.

திறமைசாலி. கார்களின் பின்கண்ணாடி உயரத்தில் மூன்றாவது பிரேக் விளக்கு வந்தது அவர் காலத்து விதியால்தான். எத்தனையோ பின்பக்க மோதல்களை அது தடுத்திருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் நீதிமன்றம், மறுபக்கம் விதிகளே வேண்டாம் என்கிற வெள்ளை மாளிகை, நடுவில் டெட்ராய்ட். 1984 ஜூலை 11 அன்று அவர் அறிவித்தது இந்த மூன்றுக்கும் இடையில் வெட்டிய பாதை.

1987 மாடல் கார்களில் பத்தில் ஒன்று என்று ஆரம்பித்து, 1990 மாடலுக்குள் எல்லா கார்களிலும் தானியங்கிப் பாதுகாப்பு வர வேண்டும். இது முதல் பாதி. இரண்டாம் பாதிதான் வெடிமருந்து. 1989 ஏப்ரல் 1-க்குள் அமெரிக்க மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு பேர் வாழும் மாநிலங்கள் சீட் பெல்ட்டைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டுவிட்டால், முதல் பாதி ரத்து!

படித்தவுடன் டெட்ராய்ட்டுக்குப் புரிந்துவிட்டது. ஏர்பேக் வேண்டாமா? மாநிலம் மாநிலமாகப் போய்ப் பெல்ட் சட்டம் வாங்கு. அதுவரை எந்தப் பாதுகாப்புச் சட்டத்தையும் எதிர்த்தே பழகிய கம்பெனிகள் ஒன்றுகூடி 'டிராஃபிக் சேஃப்டி நவ்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கின. பல மில்லியன் டாலர் அதில் கொட்டப்பட்டது. மாநிலத் தலைநகரங்களின் நடைபாதைகளில், பெல்ட் எத்தனை உயிர்களைக் காக்கும் என்று அதன் ஆட்கள் மன்றாடினார்கள். அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை. ஏன் சொல்கிறார்கள் என்பதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

எனக்கு இந்த இடத்தில் டோல் மேல் ஆழ்ந்த வருத்தம் உண்டு. பெல்ட்டும் வேண்டும், ஏர்பேக்கும் வேண்டும். மோதலில் ஆளை சீட்டில் பிடித்து நிறுத்துவது பெல்ட். தலையும் மார்பும் ஸ்டியரிங்கில் அடிபடாமல் தாங்குவது ஏர்பேக். கூடப் பிறந்தவர்களைப் போன்ற இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, ஒன்று வந்தால் மற்றது போகும் என்று பேரம் எழுதிவிட்டார். ஏர்பேக்குக்காகப் பல ஆண்டுகள் போராடிய ரால்ஃப் நாடரும் அவருடைய தோழர்களும் அந்தப் பேரத்தைக் கடுமையாக எதிர்த்தார்கள். பாதுகாப்பு இயக்கமே சட்டத்தைச் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்தது. கலிஃபோர்னியா ஒரு படி மேலே போனது. அது பெல்ட் சட்டத்தை இயற்றியபோது, ஏர்பேக் விதியை ஒழிக்க எங்கள் மாநிலத்தின் எண்ணிக்கையைப் பயன்படுத்தினால் எங்கள் சட்டமே செல்லாது என்று உள்ளே ஒரு பிரிவை எழுதிவைத்தது.

டோல் அறிவித்த மறுநாள், ஜூலை 12. நியூயார்க் ஆளுநர் மரியோ குவோமோ கையெழுத்திட்டார். அமெரிக்க மாநிலங்களின் முதல் கட்டாயச் சட்டம். டிசம்பரில் எச்சரிக்கை, 1985 ஜனவரி 1 முதல் 50 டாலர் வரை அபராதம். நியூ ஜெர்சி, இல்லினாய் என்று வரிசையாகத் தொடர்ந்தன. சாலைகளில் பெல்ட் போட்டவர்களின் எண்ணிக்கை சில வாரங்களிலேயே துள்ளி ஏறியது. ஆனால் அந்த 1984-ல் கேலப் நிறுவனம் மக்களைக் கேட்டபோது 65 சதவீதம் பேர் இப்படி ஒரு சட்டம் வேண்டாம் என்றார்கள்.

ஏன் வேண்டாம்? பயம் ஒரு காரணம். கார் தீப்பிடித்தால் பெல்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு கருகுவேன், ஆற்றில் விழுந்தால் கழற்ற முடியாமல் மூழ்குவேன் என்று நம்பியவர்கள் ஏராளம். நூறு விபத்துகளில் ஒன்றில்கூட நெருப்போ தண்ணீரோ வருவதில்லை. வரும் நேரத்திலும், பெல்ட் போட்டவர்தான் மயங்காமல், கை உடையாமல், கதவைத் திறந்து வெளியேறும் நிலையில் இருப்பார். கண்ணாடி வழியே தூக்கி எறியப்பட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார்கள் சிலர். எறியப்பட்டவர் விழுவது தார்ச்சாலையில், சில சமயம் தன் சொந்தக் காருக்கே அடியில். தோளையும் இடுப்பையும் பிடிக்கும் பெல்ட், முன் சீட்டில் இருப்பவர் சாகும் வாய்ப்பை ஏறத்தாழ 45 சதவீதம் குறைக்கிறது. இதற்கு இணையான மருந்து மருத்துவமனையில் கிடையாது.

பயத்துக்கு இப்படிப் பதில் சொல்லலாம். இன்னொரு காரணத்துக்கு எண்களால் பதில் சொல்ல முடியாது. 'நான் பெல்ட் போடுகிறேன், தினமும் போடுகிறேன். ஆனால் போடு என்று நீ சொல்லாதே.' இப்படிச் சொன்னவர்கள் பெருங்கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. பாஸ்டனில் அந்தக் குரல் மைக்கின் முன் தயாராக இருந்தது.

*

ஜெர்ரி வில்லியம்ஸ். நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். 1957-ல் பாஸ்டன் ரேடியோவுக்கு வந்து, நேயர்களை டெலிஃபோனில் பேசவிட்டு அவர்களோடு வாதாடும் நிகழ்ச்சியை ஒரு கலையாகவே வளர்த்தவர். பழைமைவாதி என்று முத்திரை குத்திவிட முடியாது. மால்கம் எக்ஸைத் தன் நிகழ்ச்சியில் பேச வைத்தவர், வியட்நாம் போரைப் பகிரங்கமாக எதிர்த்தவர். அதிகாரத்தில் இருப்பவன் எவனாக இருந்தாலும் அவன் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும் என்பதே அவருடைய அரசியல்.

1980-களில் டபிள்யூ.ஆர்.கே.ஓ. நிலையத்தில் அவர் பேசியது பிற்பகல் நேரத்தில். ஆபீஸ் முடிந்து ஊரே காரில் வீடு திரும்பும் வேளை அது. யாரைப் பற்றிய சட்டமோ அவர்கள் அத்தனை பேரும் அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாஸசூசெட்ஸ் சட்டமன்றம் 1985-ல் பெல்ட் சட்டத்தை நிறைவேற்றியது, ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ் கையெழுத்திட்டார், 1986 ஜனவரி 1 முதல் அமல் என்றானது. அபராதம் 15 டாலர்தான்.

தொகையா முக்கியம்? ஆங்கிலேய அரசின் வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டிய ஊர் அது. வில்லியம்ஸ் நாள்தோறும் அந்தச் சட்டத்தைப் பிடித்து உலுக்கினார். இன்று பெல்ட், நாளை என்ன? என் காருக்குள் போலீசுக்கு என்ன வேலை? டெலிஃபோன் மணி நிற்கவில்லை. டெட்ராய்ட்டின் பணமும் பேரமும் ஒன்றும் ரகசியமாக இல்லை. உன் உயிர்மேல் உள்ள அக்கறை என்று சொல்லி நீட்டிய கையில் கம்பெனிகளின் கணக்குச் சீட்டு இருந்ததை மக்கள் பார்த்துவிட்டார்கள். அவர்களுடைய சந்தேகம் அடிப்படையற்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தச் சந்தேகத்தின் பேரில் பெல்ட்டையே உதறியதுதான் கொடுமை.

மாஸசூசெட்ஸ் அரசமைப்பில் ஒரு வழி உண்டு. போதிய கையெழுத்து திரட்டினால், சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை மக்களின் வாக்குக்கே கொண்டுபோகலாம். சந்தையிலும் கடை வாசலிலும் மனுக்கள் நீண்டன. பல்லாயிரம் கையெழுத்துகள் சேர்ந்தன. நவம்பர் தேர்தலில் ஐந்தாவது கேள்வியாகச் சட்டம் வாக்குச்சீட்டில் ஏறியது.

எதிர்த்தரப்பில் டாக்டர்கள் நின்றார்கள். விபத்துப் பிரிவில் வேலை செய்தவர்களுக்கு இதில் கொள்கைப் பிரச்சினையே இல்லை. ஸ்ட்ரெச்சரில் வருகிறவரின் முகத்தைப் பார்த்தே பெல்ட் போட்டிருந்தாரா இல்லையா என்று சொல்லக்கூடியவர்கள். கண்ணாடியில் மோதிய நெற்றி, நொறுங்கிய தாடை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் பேசியது கூட்டங்களில், கட்டுரைகளில். வில்லியம்ஸ் பேசியது தினமும், மணிக்கணக்கில், காருக்குள்ளேயே.

1986 நவம்பர் 4. வாக்கு எண்ணிக்கை.

ஆளுநர் தேர்தலில் டுகாகிஸ் பெரும் வித்தியாசத்தில் மறுபடி வென்றார். அதே சாவடியில், அதே நாளில், அதே மக்கள் அவர் கையெழுத்திட்ட சட்டத்தைத் தூக்கி எறிந்தார்கள். சட்டத்துக்கு எதிராக 53 சதவீதம், ஆதரவாக 47. அரசாங்கத்தையே வெறுத்தவர்கள் போட்ட வாக்கு என்று இதைச் சொல்ல முடியாது. அரசாங்கத்தை நம்பிப் பதவி கொடுத்தவர்களே, என் நெஞ்சின் மேல் நீ கை வைக்காதே என்றார்கள்.

அதே இரவு நெப்ராஸ்காவிலிருந்தும் செய்தி வந்தது. அங்கேயும் சட்டம் மயிரிழையில் தோற்றுப்போனது.

மாஸசூசெட்ஸில் பெல்ட் போடப் பழகியிருந்தவர்களில் பலர் மறுபடி கழற்றிவிட்டார்கள். சாலையோரம் நின்று எண்ணிய ஆய்வாளர்கள் அதைக் கண்ணால் கண்டார்கள். அந்த மாதங்களில் கழற்றியதால் இறந்தவர் யார் என்று பெயர் சொல்லிக் காட்ட முடியாது. வாக்குச்சீட்டில் அவர்களுக்கு இடமும் இல்லை.

டெட்ராய்ட்டில் கணக்குப் போடுகிறவர்களின் முகம் வெளிறியது. இரண்டு மாநிலங்கள் கைநழுவிவிட்டன. கலிஃபோர்னியாவோ தன்னை எண்ணவே கூடாது என்கிறது. இன்னும் பல மாநிலங்களின் சட்டங்கள் டோல் விதித்த குறைந்தபட்ச நிபந்தனைகளுக்குக்கூட எட்டவில்லை. மூன்றில் இரண்டு பங்கு எங்கே? 1989 ஏப்ரல் 1 நெருங்கிக்கொண்டிருந்தது. பேரம் உடைந்தால் ஏர்பேக்கோ, கதவோடு சேர்ந்து நகரும் தானியங்கி பெல்ட்டோ, ஏதாவது ஒன்றை ஒவ்வொரு காரிலும் வைத்தே ஆக வேண்டும்.

அப்போது ஒரு மனிதர் மீது எல்லோர் பார்வையும் திரும்பியது. 1971-ல் நிக்சனின் எதிரே உட்கார்ந்து, பாதுகாப்பு விதிகள் தொழிலைக் கொல்கின்றன என்று முறையிட்ட அதே லீ அயகோக்கா. ஃபோர்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, இப்போது கிறைஸ்லரின் தலைவர். 1984-ல் வெளிவந்த தன் சுயசரிதையில் பெல்ட் சட்டத்தை வற்புறுத்தி, ஏர்பேக்கைச் சாடி எழுதியவர். டெட்ராய்ட்டின் ஏர்பேக் எதிர்ப்புக்கு முகமே அவர்தான்.

1988-ல் அந்த அயகோக்கா எடுத்த முடிவைக் கேட்டு, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் ஒருசேர அதிர்ந்தன. பதினேழு வருடம் எதை எதிர்த்துப் பேசினாரோ, அதை...

(அடுத்த வாரம்: கிறைஸ்லரின் குட்டிக்கரணம்)